பெரிய மாமாவின் போனில் இருக்கும் என் வயது

பேரன்புக்குரிய பெரிய மாமாவுக்கு, தங்கை மகள் எழுதிக்கொள்வது.

என் வயதில் பதினைந்து வருடங்களை நீங்கள் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இன்று வரை திருப்பித் தரவில்லை.

இந்த இரண்டு வரியை எழுதிய பிறகுதான் நலம் விசாரிப்பது என்று உட்கார்ந்தேன். விசாரிக்கிறேன். இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு தாங்களும் அத்தையும் நலமா? அத்தையின் முழங்கால் எக்ஸ்ரேயை அம்மாவின் போனில் பார்த்தேன். தேய்மானம் பயப்படும்படி இல்லை, படியேறுவதைக் குறைத்தால் போதும். படம் எடுத்தவர் காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து எடுத்திருக்கிறார். அடுத்த முறை என்னிடம் அழைத்து வாருங்கள். இவ்வளவும் சொல்வது ஒரு பத்து வயதுக் குழந்தை என்பதை மட்டும் அத்தையிடம் சொல்ல வேண்டாம்.

எதற்குக் காகிதம், ஒரு செய்தி அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். வங்கி மேலாளராகிய தாங்கள் இணைய மோசடி பற்றி ஊர் ஊராகப் போய் விழிப்புணர்வு உரை நிகழ்த்துகிறீர்கள். தெரியாதவர் அனுப்பும் செய்தியைத் திறக்காதே, தெரிந்தவர் அனுப்பினால் கட்டாயம் திறக்காதே என்பது உங்கள் முதல் விதி. நான் அனுப்பிய ஒன்றையும் நீங்கள் திறக்கவில்லை. போனில் சொல்ல ஆரம்பித்தேன். "இரு, இது உன் குரல்தான்னு நான் எப்படி நம்புறது? இப்பல்லாம் குரலையே செஞ்சுடறானுங்க" என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே தபால். கையெழுத்து என்னுடையதுதான். 'ழ'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கிறேன் என்று நீங்கள் திட்டிய அதே கையெழுத்து.

அப்பா இறந்த வருடம் இந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் இருந்தோம். அப்போது நீங்கள் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தீர்கள். டிவியில் மாட்டி விளையாடும் கேம் கன்சோல். தெருவில் யார் வீட்டிலும் அது இல்லை. அந்த நன்றி எனக்குப் போகவில்லை மாமா. போயிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன், சண்டை போட்டு ஒரே நாளில் முடித்திருப்பேன். அதில் என் கணக்கைத் தொடங்கியதும் நீங்கள்தான். பெயர் கேட்டது; "குட்டி" என்று போட்டீர்கள். பிறந்த தேதி கேட்டது. நான் சொல்ல வாயெடுத்தேன், உங்கள் முகம் மாறியது. "பொறந்த தேதியை எவன் கேட்டாலும் குடுக்கக் கூடாது. அதை வெச்சுத்தான் எல்லாத் திருட்டும் நடக்குது" என்று சொல்லி, சுவரிலிருந்த காலண்டரை ஒரு பார்வை பார்த்து அன்றைய தேதியையே அடித்தீர்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. அந்தக் கன்சோல் கம்பெனியைப் பொறுத்தவரை நான் அன்று சாயங்காலம்தான் பிறந்தேன். பிறந்த கையோடு பந்தயக் கார் ஓட்டினேன்.

பச்சைக் குழந்தையைத் தனியாக விட அந்தப் பெட்டிக்கு மனம் வரவில்லை. பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் வேண்டும் என்றது. 'குடும்ப நிர்வாகி' என்ற இடத்தில் உங்கள் எண்ணைப் போட்டீர்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், விளையாட்டில் ரத்தம் வரக் கூடாது, எதை வாங்கினாலும் உங்கள் போனில் அனுமதி. "பரீட்சை முடியட்டும், எடுத்துடறேன்" என்றீர்கள். எந்தப் பரீட்சை என்று சொல்லவில்லை. நான் பள்ளிப் பரீட்சை எழுதினேன், கல்லூரிப் பரீட்சை எழுதினேன், எக்ஸ்ரே டெக்னீசியன் ஆகி மருத்துவமனையில் சேர்ந்தேன். இப்போது எனக்கு இருபத்தைந்து, கன்சோலில் பத்து.

நாள் முழுக்க ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு மனிதர்களின் எலும்பைப் பார்க்கிறேன். விபத்தில் நொறுங்கிய தாடை, கதவில் நசுங்கிய விரல், கீழே விழுந்தேன் என்று பொய் சொல்லும் பெண்களின் முன்கை எலும்பு, எல்லாம் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து கன்சோலைப் போட்டால், எலும்புக்கூடு ஒன்று நடந்து போகிற விளையாட்டைப் பார்க்க எனக்கு வயது போதவில்லை. வாடகை கட்ட வயதாகிவிட்டது. கரண்ட் பில் கட்ட வயதாகிவிட்டது. போன மாதம் நீங்களே அம்மாவிடம், "வயசு ஏறிக்கிட்டே போகுது, இனிமே தள்ளிப்போட்டா நல்ல பையன் கிடைக்கமாட்டான்" என்றீர்கள். எந்த வயது ஏறுகிறது மாமா? மாப்பிள்ளை பார்க்கும்போது மட்டும் ஏறி, உங்கள் போனில் மட்டும் ஏறாமல் நிற்கிற அது என்ன வயது? என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டேன். எல்லாருக்கும் இரண்டு வயது இருக்கிறது. செலவு செய்ய ஒன்று, அனுமதி கேட்க ஒன்று.

வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். என் சம்பளத்தில் கிப்ட் கார்டு வாங்கி, கணக்கில் ஏற்றி, ஆசைப்பட்ட விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, 'வாங்கு' என்று அழுத்துவேன். உங்கள் போன் அடிக்கும். உடனே என் போன் அடிக்கும். "இந்த விலைக்கா? அறிவிருக்கா உனக்கு? பொறு, தள்ளுபடி வரும்." நான் எக்ஸ்ரே அறையில் ஒருவரை மூச்சுப் பிடிக்கச் சொல்லியிருப்பேன். நீங்கள் தள்ளுபடியின் தத்துவத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் நீலமாகியிருக்கும். ஆனால் தள்ளுபடி என்று ஒன்று வந்துவிட்டால் உங்களுக்கு ரத்தமும் கண்ணில் படாது, எலும்பும் கண்ணில் படாது. முக்கால் விலை குறைந்தது என்றால் நான் கேட்காததற்கெல்லாம் அனுமதி வருகிறது. இன்றைக்கு என் கணக்கில் ரயில் சிக்னல் போடும் விளையாட்டு மூன்று இருக்கிறது. மதில் சுவரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் விளையாட்டு ஒன்று. மீன் பிடிக்கும் விளையாட்டு இரண்டு. ஒன்றில் மீனே இல்லை, படகு மட்டும்தான், அதனால்தான் மலிவு. இதில் நான் திறந்து பார்த்தது பாதிகூட இல்லை. நான் ஆசைப்பட்டது மட்டும் இன்னும் முழு விலையிலேயே நிற்கிறது.

இன்னொன்றை வாங்கியது நீங்களே. உங்கள் கணக்கில், "குடும்பத்துக்கே சேர்த்து வாங்கிட்டேன், பாதிக்கும் கீழே" என்று பெருமையாக அறிவித்தீர்கள். அது தோட்டம் போடும் விளையாட்டு. விதைக்கணும், தண்ணீர் ஊற்றணும், மாட்டுக்குப் பெயர் வைக்கணும். நான் அதைத் தொடவே இல்லை. ஆனால் சில மாதங்களாக, ஷிப்ட் முடிந்து வந்து கன்சோலைப் போட்டால், "இன்றைய விளையாட்டு நேரம் முடிந்தது, குட்டி! நாளை சந்திப்போம்!" என்று ஒரு கரடி கையாட்டுகிறது. நான் கண்ட்ரோலரைத் தொட்டே இரண்டு நாளாகியிருக்கும். மெஷின் கெட்டுவிட்டது என்று திருகாணியைக் கழற்றி, தூசி தட்டி, விசிறியைத் துடைத்து மறுபடி மாட்டினேன். கரடி மறுபடி கையாட்டியது. அப்போது அம்மா கதவருகே வந்து நின்றாள்.

"அதைப் போட்டு நோண்டாதே. மதியம் நான்தான் கொஞ்ச நேரம்..."

"கொஞ்ச நேரமா? ரெண்டு மணி நேரமும் போயிருக்கும்மா!"

"மழை வர்ற மாதிரி இருந்துச்சுடி. கதிரெல்லாம் வெளியில நிக்குது. விட்டுட்டு வர முடியுமா?"

ஆக மாமா, இந்த வீட்டில் சம்பாதிக்கிற ஒருத்தியும், அவளைப் பெற்று வளர்த்த ஒருத்தியும், ஒரு பத்து வயதுக் குழந்தைக்கு ஒதுக்கிய இரண்டு மணி நேரத்தைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கிறோம்.

சரி, அது அம்மாவுக்கே இருக்கட்டும், எனக்கென்று புதுக் கன்சோல் ஒன்று வாங்கிக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். சொந்தச் சம்பளம், சொந்த முடிவு. அம்மா வாய் தவறி உங்களிடம் சொல்லிவிட்டாள். "இப்ப வாங்குறவன் முட்டாள். வந்த புதுசுல எல்லாம் விலை அதிகமாத்தான் இருக்கும். ஒரு வருஷம் பொறுத்தா தானா விழும்" என்றீர்கள். பொறுத்தேன். விலை ஏறியது. "இது தற்காலிகம்" என்றீர்கள். பொறுத்தேன். உள்ளே வட்டு போடும் வசதியை எடுத்துவிட்டு, அதே பெட்டியைப் பழைய விலையைவிட அதிகமாக விற்றான் கம்பெனிக்காரன். "சந்தை சூடா இருக்கு, ஆறட்டும்" என்றீர்கள். இன்னொரு தடவை ஏறியது. உலகத்தில் பழசாகப் பழசாக விலை ஏறுகிற பொருள் நிலமும் தங்கமும்தான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பொறு என்று சொன்ன அன்றே வாங்கியிருந்தால், இந்நேரம் அதை விளையாடி, தேய்த்து, வாங்கிய விலைக்கே விற்றிருப்பேன். விலை ஏற்றுகிறவனுக்கு வெட்கம் இல்லை. அவன் கம்பெனி, அவன் லாபம், அவனைச் சொல்லிப் பயனில்லை. ஆனால் உழைக்கிறவளிடம் பொறுமையைப் போதிக்கிறீர்களே, நீங்கள் யார் பக்கம் மாமா?

அதன் பிறகுதான் எங்கள் மருத்துவமனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அண்ணனிடம் போனேன். எதைச் சொன்னாலும் முதலில் அணைத்துப் போடச் சொல்வதால் அவருக்கு 'ரீஸ்டார்ட்' என்று பெயர். பில் கவுண்டரில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை நான் முறைப்படி எழுதிக் கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். யாரோ விற்ற பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றையும் அதில் சொருகியிருந்தேன். அதில் லினக்ஸ் போடலாம் என்றார். லினக்ஸ் என்றால் கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம்.

"இதுல கேம் ஓடுமாண்ணே?"

"ஓடும். ஆனா கூடவே நீயும் ஓடணும்."

ஓடினேன் மாமா. முதல் நாள் சத்தம் வந்தது, படம் வரவில்லை. இருட்டுக்குள் யாரோ யாரையோ வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டு, பக்கத்து வீட்டில் தகராறு என்று அம்மா ஜன்னலைச் சாத்தினாள். மறுநாள் படம் வந்தது, சத்தம் போய்விட்டது. அதைச் சரிசெய்தால் கண்ட்ரோலரில் முன்னால் போ என்றால் குதித்தது, குதி என்றால் கடையைத் திறந்தது. ஒவ்வொன்றையும் தேடி, முகம் தெரியாத யார் யாரோ எழுதி வைத்திருந்ததைப் படித்து, கறுப்புத் திரையில் நானே கட்டளை அடித்துச் சரிசெய்தேன். கடைசியில் அது, "நிர்வாகியின் கடவுச்சொல்?" என்று கேட்டது. பழக்கதோஷத்தில் உங்களைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அது கேட்டது என் கடவுச்சொல்லை. போனைக் கீழே வைத்துவிட்டு நானே அடித்தேன். இந்த வீட்டில் ஏதோ ஒன்று என்னை நிர்வாகி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கன்சோலில் வாங்கியதில் பாதியை அதே கணக்கில் கம்ப்யூட்டரிலும் விளையாடலாம் என்று அந்தக் கம்பெனியே போட்டிருக்கிறது. மறுபடி காசு கொடுக்க வேண்டியதில்லை. நுழைந்தேன். 'புதிய கருவி, குடும்ப நிர்வாகியின் அனுமதி தேவை' என்றது. அதற்குள் உங்கள் போன் அடித்திருக்கிறது. நீங்கள் தடுத்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அம்மா என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாருடி அந்த லினக்ஸ்?" என்றாள்.

"என்னம்மா?"

"எங்க அண்ணன் சொன்னாரு. லினக்ஸ்னு ஒருத்தன் உன் கணக்குல நுழையப் பாத்தானாம். என்கிட்ட மறைக்காதே."

"அது ஆளு இல்லம்மா. கம்ப்யூட்டர்ல போடறது. உலகம் பூரா நிறைய பேர் சேர்ந்து செஞ்சு சும்மா குடுக்கறாங்க."

"சும்மா எவன் குடுப்பான்? அண்ணன் சொன்னது சரிதான்."

சரி, நோயை விட்டுவிட்டு வேரைப் பிடிப்போம், பிறந்த தேதியைத் திருத்திவிட்டால் எல்லாப் பூட்டும் தானாகத் திறந்துவிடும் என்று, உண்மையான தேதியைப் போட்டு விண்ணப்பித்தேன். அதற்கும் உங்கள் அனுமதி. அதையும் நிராகரித்தீர்கள். கம்பெனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். அடையாள அட்டையை அனுப்பு என்றார்கள். அனுப்பினேன். பதில் வந்தது: "தாங்கள் அனுப்பியிருப்பது வயது வந்த ஒருவரின் அட்டை. ஒரு குழந்தையின் கணக்கில் வயது வந்தவர் நுழைய முயல்வதை நாங்கள் மிகவும் கடுமையாகப் பார்க்கிறோம்." என் கணக்கில் நுழைய முயன்றதற்காக எனக்கே எச்சரிக்கை மாமா. என்னிடமிருந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இத்தோடு விட்டிருந்தால்கூட நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். போன வாரம் ரிசப்ஷன் அக்கா தன் போனை என் முன்னால் நீட்டி, "இது உன் மாமாதானே?" என்றாள். மேடையில் நீங்கள். பின்னால் பெரிய திரை. திரையில் முன்பல் விழுந்து நான் சிரிக்கிற படம். "இந்தக் குழந்தையோட கணக்கை லினக்ஸ்னு ஒரு கும்பல் குறிவெச்சுது. பிறந்த தேதியையே மாத்தப் பாத்தாங்க. நான் ஒரே ஒரு பட்டனை அழுத்தினேன்" என்று விரலைத் தூக்கிக் காட்டினீர்கள். கைதட்டல். கூட்டத்தில் ஒரு அம்மாள் எழுந்து, "இப்ப அந்தக் குழந்தை எப்படி சார் இருக்கு?" என்று கேட்டாள். "பாதுகாப்பா இருக்கா" என்றீர்கள். இன்னும் பெரிய கைதட்டல். அந்தக் குழந்தை ஈயக் கவசத்தோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஒருவர் உடைந்த விலாவோடு காத்துக்கொண்டிருந்தார்.

இனி நான் கேட்பது ஒன்றுதான். அதே விரல், பக்கத்துப் பட்டன். பிறந்த தேதியைத் திருத்தும் விண்ணப்பத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன். உங்கள் போனில் 'குடும்பம்' என்பதைத் திறந்தால், குட்டி என்ற பெயருக்குக் கீழே இருக்கும். பச்சை நிறப் பொத்தானை அழுத்த வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு விளையாட நேரமே இல்லை. ஷிப்ட் முடிந்து வந்தால் ஷூவைக் கழற்றுவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. அது வேறு விஷயம். காசு கொடுத்து வாங்கியவள் நான். என் பொருளைத் திறக்க இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. நீங்கள் அழுத்தாவிட்டால், அடுத்த விடுமுறையில் உங்கள் வங்கிக்கு வருவேன். டோக்கன் எடுப்பேன். உங்கள் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே உட்காருவேன். யாராவது யாரம்மா நீ என்று கேட்டால், மேலாளர் காப்பாற்றிய குழந்தை என்று சொல்வேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அத்தைக்கு என் வணக்கமும், முழங்காலுக்கு ஓய்வும். தங்கள் ஆசி எனக்கு எப்போதும் உண்டு என்று அறிவேன். இந்த முறை ஆசிக்குப் பதிலாக அனுமதி போதும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் வயதும் உள்ள மருமகள்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். லினக்ஸ் இடத்தில் மட்டும் சிரித்தாள். பிறகு, "நீ பெரியவளாயிட்டா அந்தக் குடும்பக் கணக்கு என்ன ஆகும்?" என்றாள். உதவிப் பிரிவு அனுப்பிய விதிகளை அப்போதுதான் கடைசி வரை படித்தேன். எனக்கு வயது வந்ததும் நான் குடும்பத்திலிருந்து வெளியேறிவிடுவேன். நீங்கள் வாங்கிப் பகிர்ந்ததெல்லாம் என் கணக்கிலிருந்து அழிந்துவிடும்.

"அப்போ என் தோட்டம்?"

"போயிடும்மா."

"மாடு?"

"அதுவும்."

"புதுசா வாங்கித் தரேன்மா, என் கம்ப்யூட்டர்ல போட்டுக்கலாம்" என்றேன். "அது வேற நிலம்" என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "உனக்கு என்னடி அவசரம்? இன்னும் கொஞ்ச நாள் பத்து வயசாவே இருந்தா என்ன கெட்டுப்போச்சு? இப்பத்தான் கொட்டகை கட்டி முடிச்சேன்" என்றாள்.

ஆகவே மாமா, மேலே எழுதியதை எல்லாம் படித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் செய்துவிடாதீர்கள். பிறந்த தேதி விண்ணப்பத்தைத் தொடவே வேண்டாம். அதற்குக் கீழே 'இன்று கூடுதலாக ஒரு மணி நேரம்' என்று இன்னொரு விண்ணப்பம் வந்திருக்கும். அதை அழுத்துங்கள். மேலே உள்ளதை அல்ல, கீழே உள்ளதை. கடிதம் உங்கள் கைக்கு வரும்போது இன்றைய விண்ணப்பம் காலாவதியாகியிருக்கும். பரவாயில்லை, தினமும் ஒன்று வரும், தினமும் அழுத்துங்கள். அனுப்பியது நான் இல்லை. அப்பா போனபோதுகூட உங்களிடம் வாய் திறந்து எதுவும் கேட்காதவள், இன்றைக்கு என் கையிலிருந்து கண்ட்ரோலரைத் தானே வாங்கி, தானே எழுத்துகளைத் தேடி அனுப்பினாள். தான் கேட்டதாகச் சொல்லக் கூடாது என்றாள், நான் சொல்கிறேன். உங்கள் தங்கை உங்களிடம் ஒரு மணி நேரம் கேட்கிறாள். கண்ட்ரோலரைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள், திரையில் 'நிர்வாகியின் பதிலுக்காகக் காத்திருக்கிறது' என்று ஓடிக்கொண்டிருக்கிறது. அழுத்துங்கள் மாமா.